வெளிச்சுவர் மோஷன் சென்சாருக்கு வயர் இழுத்து கரண்ட் கொடுப்பது எப்படி?

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. போர்ட்டிகோ விளக்கைச் சுற்றி மொய்த்த ஈசலையெல்லாம் ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொண்ட கேமரா, இரவு முழுக்க என் போனுக்கு அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் அறிவிப்பை அணைத்துவிட்டுப் படுத்தேன். அதன்பிறகு ஒரு மாதம் அதைத் திரும்பப் போடவே இல்லை. இப்படி அணைத்துப் போட்ட வீடுகள் நம் தெருக்களில் எத்தனையோ இருக்கின்றன. கேமரா பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் திருடன் சுவர் ஏறும் நேரத்தில் வீட்டுக்காரரை எழுப்ப அங்கே எதுவும் இல்லை.

கேமரா பார்ப்பது படத்தில் உண்டாகும் மாற்றத்தை. லென்சுக்கு முன்னால் சிலந்தி வலை ஆடினாலும், மழைத் துளி விழுந்தாலும், வண்டி வெளிச்சம் சுவரில் ஓடினாலும் அதற்கு எல்லாம் அசைவுதான். பி.ஐ.ஆர் என்ற வகை மோஷன் சென்சார் பார்ப்பது வெப்பத்தை. மனித உடம்பிலிருந்து எப்போதும் அகச்சிவப்புக் கதிர் வந்துகொண்டிருக்கிறது. சென்சாரின் வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ் தன் எதிரே உள்ள இடத்தை விசிறி மடிப்பு போலப் பல பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு வெப்பம் நகரும்போது உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன மின்சுவிட்ச் தட்டும். ஈசலுக்கும் நிழலுக்கும் அது பெரும்பாலும் அசையாது. இந்தத் தட்டலை, கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டி.வி.ஆரிடம் கொண்டு சேர்த்தால் போதும், உங்களுக்கு வரும் அறிவிப்புகள் நம்பத் தகுந்தவையாகிவிடும்.

சென்சாரைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட நாம் அதற்குப் போகும் வயரிலும் கரண்டிலும் காட்டுவதில்லை. நான் பார்த்த வரையில் 'சென்சார் போயிருச்சு' என்று கழற்றி எறியப்பட்டவற்றில் பாதிக்கு மேல் நல்ல சென்சார்கள். கோளாறு ஜாயின்ட்டில் இருந்திருக்கும், அல்லது பவர் சப்ளையில். அதனால் இங்கே அந்த இரண்டையும்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

கடைக்குப் போகும் முன்

முதலில் உங்கள் டி.வி.ஆரின் பின்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன ஸ்க்ரூ வைத்த பச்சை நிறக் கட்டை ஒன்று இருந்து, அதன்மேல் 'அலாரம் இன்' என்றும் அருகில் 'ஜி' (கிரவுண்ட்) என்றும் அச்சிட்டிருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. விலை குறைந்த 4 சேனல், 8 சேனல் டி.வி.ஆர்கள் பலவற்றில் இந்தக் கட்டையே இருக்காது. அப்படியானால் அலாரம் வயர் வெளியே வரும் ஐ.பி. கேமரா ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் சென்சார் தட்டினால் சைரன் அடிக்கும் சின்ன அலாரம் பேனல் ஒன்று தனியாக வேண்டும். சென்சார் வாங்கி வந்த பிறகு இதைக் கண்டுபிடித்து வருத்தப்படுவதைவிட இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, எலக்ட்ரிக்கல் கடையில் 'மோஷன் சென்சார் கொடுங்க' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது விளக்கு போடும் சென்சாரை. ஆள் வந்தால் லைட் எரியும், போனால் அணையும். அது 230 வோல்ட்டில் ஓடுவது. அதன் வெளி வயரிலும் 230 வோல்ட்தான் வரும். அதை டி.வி.ஆரின் அலாரம் கட்டையில் கொடுத்தால் டி.வி.ஆர் எரியும், தொட்டுக்கொண்டிருந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து. மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேஸ், நியூட்ரல் என்று குறித்திருந்தால் வைத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது 12 வோல்ட் டி.சி.யில் ஓடும் அலாரம் சென்சார். அதன் உள்ளே பிளஸ், மைனஸ், காமன் (சிக்னலின் பொது முனை), என்.சி. அல்லது என்.ஓ. (இயல்பில் மூடியிருக்கும் அல்லது திறந்திருக்கும் தொடர்பு), டேம்பர் (மூடியைத் திறந்தால் தெரிவிப்பது) என்று தனித்தனியாகக் குறித்திருக்கும்.

அலாரம் சென்சாரிலும் வீட்டுக்குள் வைப்பது வேறு, வெளியே வைப்பது வேறு. உள்ளே வைப்பதை வாங்கி சன்ஷேடுக்குக் கீழே மாட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு கோடையில் லென்ஸ் மஞ்சளாகி, ஒரு மழையில் உள்ளே துரு ஏறிவிடும். ஐ.பி. 65 அல்லது அதற்கு மேல் தர எண் உள்ளதை வாங்குங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.ஐ.ஆர் சென்சாருக்குத் தேவை, உடம்பு வெப்பத்துக்கும் பின்னால் இருக்கும் சுவர், தரையின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம். மார்கழி விடியலில் அந்த வித்தியாசம் நிறைய. வேலூரிலோ திருச்சியிலோ சித்திரை மாதத்துப் பகலில் சுற்றுப்புறமே உடம்புச் சூட்டை எட்டிவிடும்போது சென்சாருக்கு ஆள் சரியாகத் தெரியமாட்டார். 12 மீட்டர் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அத்தனை தூரம் பிடிக்காது. வெப்பத்துக்கு ஏற்பத் தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பி.ஐ.ஆரோடு மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை சென்சார்களும் கிடைக்கின்றன. இரண்டும் ஒன்றாக ஒப்புக்கொண்டால்தான் ரிலே தட்டும் என்பதால் வீண் அலாரம் குறையும். வீண் அலாரம் அதிகம் வரும் இடத்தில் கூடுதல் விலை கொடுக்கத் தகும். ஆனால் மைக்ரோவேவுக்கு மெல்லிய தடுப்பும் பிளாஸ்டிக் பைப்பும் கண்ணாடி மாதிரி. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பி.வி.சி. பைப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தால் உள்ளே ஓடும் தண்ணீரையும் அசைவு என்று சொல்லும்.

இடம் பார்ப்பது

ஆள் சென்சாரை நோக்கி நேராக நடந்து வந்தால் அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். குறுக்கே கடந்தால் உடனே பிடிக்கும். முன்னால் சொன்ன அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கடப்பது குறுக்கு நடையில்தான். ஆகவே கேட்டைப் பார்த்தபடி நேர் எதிரே மாட்டுவதைவிட, கேட்டிலிருந்து வாசலுக்கு வரும் பாதையைப் பக்கவாட்டில் பார்க்கும் சுவரில் மாட்டுங்கள்.

உயரம் பெரும்பாலும் 2.2 முதல் 2.5 மீட்டர், அதாவது ஏழேகால் அடியிலிருந்து எட்டேகால் அடிக்குள். உங்கள் சென்சாரின் கையேட்டில் வேறு உயரம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ஏனென்றால் லென்ஸின் பட்டைகள் அந்த உயரத்துக்காக வெட்டப்பட்டவை. கைக்கு எட்டக்கூடாது என்று பன்னிரண்டு அடியில் ஏற்றிவிட்டால், கீழே சுவரை ஒட்டி வருபவர் தெரியாமல் போவார்.

துணி காயும் கொடி, வாழை மரம், ஏ.சி. வெளி யூனிட்டிலிருந்து வரும் சூடான காற்று, மேற்கு வெயில் நேராக விழும் கோணம் ஆகிய எதுவும் பார்வையில் படக்கூடாது. சூடேறிய வாழை இலை காற்றில் ஆடினால் சென்சாருக்கு அதுவும் வெப்பம் நகர்வதுதான். தெருவில் போகிறவர்கள் பார்வையில் விழுந்தால் சென்சாரைக் கொஞ்சம் கீழே சாயுங்கள். அல்லது கூடவே வரும் மறைப்பு ஸ்டிக்கரை லென்ஸின் அந்தப் பகுதியில் உள்பக்கமாக ஒட்டுங்கள்.

சுவரில் டிரில் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு 12 வோல்ட் பேட்டரியோடு சென்சாரை இணைத்து, நினைத்த இடத்தில் கேபிள் டையால் தற்காலிகமாகக் கட்டிவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க அதன் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். யாரும் வராதபோது எரிகிறதா, ஆள் வந்தும் எரியாமல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓட்டை போட்ட பிறகு இடம் மாற்றுவது பெரிய வேலை.

கரண்ட் கணக்கு

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும்.

ஒரு வெளி சென்சார் சாப்பிடும் கரண்ட் மிகக் குறைவு, சாதாரணமாக 10 முதல் 30 மில்லி ஆம்ப். ஆனால் இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும் கேமரா 300 முதல் 500 மில்லி ஆம்ப் வரை இழுக்கும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

அலாரம் கேபிள் என்று கடையில் கிடைக்கும் நாலு கோர் (உள்ளே நாலு தனி வயர்) கேபிளில் ஒவ்வொரு கோரும் 0.22 சதுர மி.மீ. செம்பு. அதன் தடை மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம். டி.வி.ஆரிலிருந்து கேட் வரை 30 மீட்டர் என்றால் பிளஸ் போக 30, மைனஸ் திரும்ப 30, ஆக 60 மீட்டர். தடை ஏறக்குறைய 4.8 ஓம். சென்சாரின் 20 மில்லி ஆம்ப் இதில் ஓடினால் இழப்பு 0.1 வோல்ட்தான். கேட்டில் 11.9 வோல்ட் வந்து சேரும். ஒரு கவலையும் இல்லை.

இப்போது அதே ஜோடி வயரில் கேட்டோரத்துக் கேமராவையும் சேர்த்துத் தொங்கவிடுங்கள். 500 மில்லி ஆம்புக்கு இழப்பு 2.4 வோல்ட். கேட்டுக்கு வருவது 9.6தான். பகலில் எல்லாம் நன்றாக இருக்கும். இருட்டி இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் வோல்டேஜ் சரியும். கேமரா அணைந்து அணைந்து வரும். சென்சாரோ தன் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் தத்தளிக்கும். பெரும்பாலான அலாரம் சென்சார்கள் 9 முதல் 16 வோல்ட் வரை தாங்கும் என்றாலும், அந்த 9-ஐத் தொட்டுக்கொண்டு ஓடும் சென்சாரை நம்ப முடியாது. 'பகல்ல நல்லா இருக்கு சார், ராத்திரியானா அலாரம் அடிக்குது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கேமராவுக்கும் சென்சாருக்கும் ஒரே வயரா என்றுதான். சென்சாருக்குத் தனி வயர் இழுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

கேபிளில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. சி.சி.டி.வி. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் உள்ளே இருப்பது அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு. அதே தடிமனுள்ள சுத்தச் செம்பைவிட அதன் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம்தான். அதைவிட மோசமானது அதன் ஜாயின்ட். இரண்டொரு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ வீடு என்றால் செம்பைத் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள்.

சென்சார் ஒன்றுக்கு நாலு கோர் போதும். இரண்டு பவருக்கு, இரண்டு சிக்னலுக்கு. ஆறு கோர் இழுத்தால் டேம்பருக்கும் இரண்டு கிடைக்கும். யாராவது சென்சாரின் மூடியைத் திறந்தாலே தெரிவிக்கும் தொடர்பு அது. விலை வித்தியாசம் சின்னது என்பதால் நான் எப்போதும் ஆறு கோர்தான் இழுக்கிறேன். டேம்பரை இணைக்காவிட்டால் அந்த இரண்டும் பிற்பாடு ஏதாவது கோர் அறுந்தால் மாற்றாக உதவும்.

கரண்ட் நின்றால்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாட்கள் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று செய்தித்தாளிலேயே வந்துவிடுகிறது. நமக்குத் தெரிவது திருடனுக்கும் தெரியும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் டி.வி.ஆர், கேமராக்களின் எஸ்.எம்.பி.எஸ். (230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை), இன்டர்நெட் ரவுட்டர் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுவதுதான் எளிய வழி. ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் போனுக்கு ஒரு செய்தியும் வராது.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரி இணைக்க வசதியுள்ள பேக்கப் எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டும். அதன் வெளியீடு 13.8 வோல்ட் அளவில் இருக்கும். 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் சீல்டு பேட்டரியை மெதுவாக நிரப்பி வைத்திருக்கும். சாதாரண 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்ஸின் வெளியீட்டில் நேராக ஒரு பேட்டரியைக் கோத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தவறு. 12 வோல்ட்டில் அந்த பேட்டரி ஒருநாளும் முழுதாக நிரம்பாது. காலியான பேட்டரி என்றால் கட்டுப்பாடில்லாமல் கரண்டை இழுத்து எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சூடாக்கும்.

எத்தனை நேரம் தாங்கும்? டி.வி.ஆர் ஒரு ஆம்ப், நான்கு கேமராக்கள் ஒன்றரை ஆம்ப், மூன்று சென்சார்கள் 0.06 ஆம்ப், மொத்தம் 2.6 ஆம்புக்குக் கொஞ்சம் குறைவு. 7 ஆம்ப்-அவர் பேட்டரி கணக்குப்படி இரண்டே முக்கால் மணி நேரம், நடைமுறையில் இரண்டு மணி நேரம். சென்சார்களுக்கு மட்டும் தனி பேட்டரி கொடுத்தால் நாலு நாள் ஓடும். கேட்க ஆசையாக இருக்கும். டி.வி.ஆர் இறந்து கிடக்கும்போது சென்சார் மட்டும் விழித்திருந்து யாரை எழுப்பும்? சைரனோடு தனி அலாரம் பேனல் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த ஏற்பாடு பயன்படும். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே பேக்கப்பில் வையுங்கள்.

வயர் இழுத்தல்

சென்சார் வயருக்கென்று தனியாக ஒரு பி.வி.சி. பைப் ஓட்டுங்கள். 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் இதையும் நுழைப்பதை எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் பக்கத்து வயரில் துடிப்பு ஏறி வீண் அலாரம் வரும் என்பது ஒன்று. உள்ளே எங்காவது தோல் உரிந்து இரண்டும் தொட்டால் சென்சார், டி.வி.ஆர் எல்லாம் போவதோடு தொட்டவருக்கும் ஆபத்து என்பது அதைவிடப் பெரியது. இரண்டு பைப்புக்கும் இடையே ஒரு அடி இடைவெளி விடுங்கள். கடந்தே ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போல நேர் குறுக்காகக் கடக்க வையுங்கள்.

வயர் டி.வி.ஆரிலிருந்து சென்சார் வரை ஒரே நீளமாக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல் போகட்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் கேட்டுக்கு வயர் நாலு மீட்டர் குறைந்தபோது மீதித் துண்டை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, பைப்புக்குள் தள்ளிவிட்டேன். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. முதல் பெருமழைக்குப் பிறகு இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கெல்லாம் அலாரம். அம்மா ஒவ்வொரு முறையும் பதறி எழுந்து கடவுள் படத்துக்கு முன் போய் நின்றுவிடுவார். சென்சாரை மாற்றினேன், தீரவில்லை. கடைசியில் பைப்பைப் பிரித்தபோது டேப்புக்குள் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. பைப்புக்குள் தண்ணீர் இறங்கி அங்கேதான் தேங்கியிருக்கிறது. ஜாயின்ட் தவிர்க்க முடியாவிட்டால் சால்டரிங் வைத்து, ஒவ்வொரு கோருக்கும் சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு, மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள்.

சென்சாருக்குள் வயர் நுழைவது கீழ்ப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ இருக்க வேண்டும். மேலிருந்து நுழைந்தால் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். நுழையும் முன் வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்துக் கொண்டுபோங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். நுழைவு ஓட்டையை, வயரை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்டாலோ சிலிக்கான் பசையாலோ அடையுங்கள். எறும்புக்கும் குளவிக்கும் அது பிடித்த இடம், விட்டால் ஒரு மாதத்தில் கூடு கட்டிவிடும். ஆனால் சென்சாரின் அடியில் நீர் வடியவென்று கம்பெனியே விட்டிருக்கும் நுண்ணிய ஓட்டையை மட்டும் அடைக்காதீர்கள்.

இணைக்கும் வரிசை

மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் 230 வோல்ட் பக்கத்தை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இரும்புப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு எர்த் கொடுத்திருக்கிறாரா என்று நின்று பாருங்கள். அந்த லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருப்பது அவசியம்.

சென்சார் முனையில் சிவப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸ்ஸிலும் முறுக்குங்கள். மற்ற இரண்டில் ஒன்றைக் காமனிலும் இன்னொன்றை என்.சி.யிலும் கொடுங்கள். வீட்டு முனையில் சிவப்பும் கறுப்பும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் 12 வோல்ட் பக்கத்துக்குப் போகும். நடுவில் சிவப்பில் ஒரு ஆம்ப் ஃபியூஸ் வைத்துவிடுங்கள். வெளியே வயரை யாராவது வெட்டிப் பிளஸ், மைனஸ் தொட்டாலும் ஃபியூஸ் மட்டும் போகும், கேமராக்கள் நிற்காது. சிக்னல் வயர்களில் ஒன்று டி.வி.ஆரின் 'ஜி'யில், மற்றது 'அலாரம் இன் 1'-இல். இங்கே கவனம் தேவை. அலாரம் இன் கேட்பது வெறும் தொடர்பை, திறந்து மூடும் சுவிட்சை. அங்கே 12 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

என்.சி. எதற்கு, என்.ஓ. இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். என்.சி. என்றால் அமைதியான நேரத்தில் சுற்று மூடியிருக்கும், ஆள் வந்தால் திறக்கும். யாராவது வயரை வெட்டினாலும் சுற்று திறந்து அலாரம் வரும். என்.ஓ.வில் வயரை வெட்டினால் டி.வி.ஆருக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாம் நலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். வெளிச்சுவரில் கைக்கு எட்டும் வயருக்கு என்.சி.தான் சரி. ஆனால் பெரும்பாலான சென்சார்களில் பவர் இருந்தால்தான் ரிலே மூடி நிற்கும். 12 வோல்ட் போனால் அதுவும் திறந்துவிடும். பேக்கப் இல்லாத வீட்டில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஒரு அலாரம் வருவதன் காரணம் இதுதான்.

ஒரே உள்ளீட்டில் இரண்டு சென்சார்களைச் சேர்க்க வேண்டுமானால் என்.சி.க்களைச் சங்கிலி போலத் தொடராக இணையுங்கள். டி.வி.ஆரில் உள்ளீடுகள் மிச்சம் இருந்தால் அப்படிச் சேர்க்காமல் தனித்தனியாகக் கொடுப்பதே நல்லது. கேட்டா, பின்கட்டா என்று உடனே தெரியும்.

சைரனையோ விளக்கையோ சென்சாரின் ரிலே வழியாக நேராக ஓட்டாதீர்கள். அந்த ரிலேயின் தாங்கும் திறன் பெரும்பாலும் 0.1 ஆம்ப் மட்டுமே. ஒரே சைரனில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். சைரனுக்கு டி.வி.ஆரின் அலாரம் அவுட் இருக்கிறது. அதன் தாங்கும் அளவையும் பார்த்துவிட்டு, தேவையானால் நடுவில் ஒரு வெளி ரிலே வையுங்கள்.

பவர் போட்டதும்

சென்சார் ஒரு நிமிடம் வரை தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதுவரை விளக்கு மினுக்கும், பயப்பட வேண்டாம். பிறகு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு சென்சார் முனைக்கே போய் வோல்டேஜைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பக்கம் பார்ப்பதில் அர்த்தமில்லை. அதுவும் இரவில், எல்லாக் கேமராக்களும் விளக்கெரியும்போது பாருங்கள். 11.5-க்கு மேல் இருந்தால் நிம்மதி. சிக்னல் வயரை டி.வி.ஆர் பக்கம் கழற்றி, யாரும் நடமாடாதபோது தடையையும் அளந்துவிடுங்கள். 30 மீட்டர் வயருக்கு ஐந்து ஓம் சுற்றி வரும்; ரிலேயோடு சின்ன ரெசிஸ்டர் வைத்த சென்சார் என்றால் அந்த அளவுக்குக் கூடும். அலுமினிய வயர் ஏற்கெனவே போட்டிருந்தால் எட்டு வரை வரலாம். ஐம்பது, நூறு என்று காட்டினால் எங்கோ ஒரு ஜாயின்ட் அழுகுகிறது.

டி.வி.ஆர் மெனுவில் அலாரம் உள்ளீட்டின் வகையை என்.சி. என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் தலைகீழாக நடக்கும், ஆள் இல்லாதபோது அலாரம், வந்தால் அமைதி. எந்தக் கேமரா பதிவு செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, அலாரத்துக்கு முந்தைய சில விநாடிகளும் பதிவாகும்படி வையுங்கள். ஆள் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்பது அந்த விநாடிகளில்தான் இருக்கும். கேமராவின் சொந்த அசைவு அறிவிப்பை இப்போது அணைத்துவிடலாம். நேர அட்டவணையில் உங்கள் வீட்டின் வழக்கத்தைச் சேருங்கள். எங்கள் வீட்டில் அம்மா ஐந்தரைக்குக் கோலம் போட வாசலுக்கு வருவார், அதற்குள் பால்காரர் வந்துவிடுவார். எனவே முன்பக்க சென்சார் இரவு பதினொன்று முதல் ஐந்து வரை மட்டும். பின்கட்டு சென்சார் எப்போதும் விழித்திருக்கும்.

பிறகு நடந்து பாருங்கள். மெதுவாக, வேகமாக, குனிந்து, சுவரை ஒட்டி, இருட்டில், வெயிலில். வேறொருவரை நடக்கச் சொல்லி நீங்கள் போனைப் பார்ப்பது இன்னும் நல்லது. வீண் அலாரம் வந்தால் உள்ளே இருக்கும் பல்ஸ் ஜம்பர் என்ற சின்னச் செருகியை ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றலாம். பட்டைகளை இரண்டு முறை கடந்தால்தான் தட்டும் என்று அர்த்தம். உணர்திறனைக் குறைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடி மின்னலுக்கு

கேட் வரை ஓடும் நீண்ட வயர், பக்கத்தில் எங்கோ விழும் மின்னலின் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். இரும்பு கேட்டையும் மாடியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயையும் ஒட்டி வயர் போக வேண்டாம். வீட்டின் எர்த் குழி காய்ந்து கிடந்தால், திடீரென்று ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் புரொடெக்டர் எதுவும் சரியாக வேலை செய்யாது. கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தை விடாதீர்கள். நேராக விழும் இடியை எந்தக் கருவியும் தாங்காது. பக்கத்தில் விழுவதிலிருந்து காப்பாற்ற 230 வோல்ட் பக்கம் ஒன்றும், 12 வோல்ட் லைனில் ஒன்றுமாக சர்ஜ் புரொடெக்டர் வைப்பது கட்டுப்படியாகும் செலவுதான்.

புரட்டாசி மாதத்தில், பருவமழை இறங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். சென்சாரின் லென்ஸை ஈரத்துணியால் துடைத்து, மூடியைத் திறந்து எறும்பு இருக்கிறதா என்று பார்த்து, ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்கி, பேட்டரியில் எத்தனை நேரம் ஓடுகிறது என்று மெயினை அணைத்துச் சோதியுங்கள். எந்த நிற வயர் எங்கே போகிறது, எந்த உள்ளீடு எந்த சென்சார், முதல்நாள் அளந்த தடை எத்தனை ஓம் என்று ஒரு காகிதத்தில் எழுதி டி.வி.ஆர் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அந்தப் பெட்டியைத் திறப்பது நீங்களாக இல்லாமலும் போகலாம்.